நண்டு என்ன தின்னும்

இந்த மனிசன் பல்லுக் குத்துற ஈர்க்கை எறிஞ்சுபோட்டுக் கதைச்சால் என்ன. குத்துறார், எடுக்கிறார், நுனியைப் பார்க்கிறார், திரும்ப அதையே வாய்க்குள்ளை வைக்கிறார். நான் இதைப் பார்த்துக்கொண்டு ஓம் அண்ணை, ஓம் அண்ணை எண்டு தலையாட்டவேணும்.

மெற்றில்டா இதில் ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பாலர் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். சின்னவர்கள் இருக்கும் கட்டை வாங்குப் பலகையில், முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வின்சன்ற் இருந்தார். வகுப்பு நடப்பது கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் என்றாலும், ரீச்சருக்குக் கிடைக்கும் சொற்பச் சம்பளம் சங்கத்துடையது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருக்கிறேன் என்பதை மட்டும் தெரியவைப்பார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர். உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை," என்றார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இந்த முத்தத்திலை கூழ் காய்ச்சுறம். குறிச்சி முழுக்க வரும். நீர் பிள்ளையளுக்கு முன்னாலை இருந்து ஒரு பிளா குடிச்சுக் காட்டவேணும். அவ்வளவுதான்."

"நண்டுக் கூழோ அண்ணை?"

"பின்னை என்ன, கோழிக் கூழோ?"

"அவ்வளவுதானோ?"

ஈர்க்கு வாயின் ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்குப் போனது.

"பேந்து, அந்தச் செபமாலையின்ரை பெட்டை. அஞ்சலா. அவளுக்கு உம்மடை கையாலை பருக்கிவிடும். தாய் பருக்கப் பார்த்தவ, ஏலாமல் போச்சு. நீர் பருக்கினால் குடிப்பாள். அவள் குடிச்சால் மற்றதுகளும் குடிக்கும். எல்லாம் அவளின்ரை வாயைத்தான் பார்த்துக்கொண்டு திரியுதுகள்."

மெற்றில்டா சுவரைப் பார்த்தாள். அங்கே வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய கடற்படம் தொங்கியது. தண்ணீர் அதில் சட்டைப்பித்தான் நீலம். மீன்களுக்குக் கண்மடல் மயிர் இருந்தது. அடியில், வெள்ளை மணலில், ஒரு சிவப்பு நண்டு கொடுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு சிரித்தது.

வின்சன்றும் திரும்பிப் பார்த்தார். "உதிலை கிடக்கிற நண்டைப் படிப்பிச்சிருந்தால் எங்களுக்கு இந்த வில்லங்கமே வந்திராது," என்று எழும்பினார். போகும்போது பிள்ளைகளின் சிலேற்றுகள் அடுக்கியிருந்த பலகையில் ஈர்க்கை வைத்துவிட்டுப் போனார். மெற்றில்டா அதை இரண்டு சிலேற்றுகளுக்கு நடுவில் இடுக்கி எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே எறிந்தாள். அதற்குப் பிறகும் அவளுடைய விரல்கள் தொட்டதுபோலவே இருந்தன.

அந்த மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியது கடல். அதற்காகத்தான் படம் வந்தது. முதல் நாளே அது சரிவரவில்லை. "ரீச்சர், இந்தச் சிஸ்ரர் ஏன் தண்ணிக்கை நிக்கிறா?" என்று கொன்ஸி பென்குவினைக் காட்டிக் கேட்டாள். திமிங்கிலத்தைப் பார்த்து ரெஜி, இது நேவியின் கப்பல், மேலே போவது புகை என்றான். யன்னலைத் திறந்தால் கடல். அதன் நாற்றம் பிள்ளைகளின் தலைமயிரிலும் இருந்தது. அப்படியிருக்க யாரோ கீறிய கடலைப் படிப்பிப்பதா என்று மெற்றில்டாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் உண்மையான கடலைத் தொட அவளுக்கு மனமில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தகப்பனும் பாட்டனும் கடலுக்குப் போன வீட்டில் பிறந்தவள், மீன் செதிளைக் கண்டால் அருவருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அது பிறவியில் வந்ததல்ல. பாலர் ஆசிரியைப் பயிற்சிக்காக நீர்வேலியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காலத்தில் வந்தது. வாழைத்தோட்டமும் துப்புரவான முற்றமுமாக இருந்த வீடு. வீட்டுக்காரி நல்ல மனுஷி. பெயர் குணலட்சுமி. தேத்தண்ணீர் தரும்போது சிரித்துக்கொண்டேதான் தருவாள். இவளுக்கென்று ஒரு குவளை வேறாக வைத்திருந்தாள். இவள் அறையைக் கடந்து போனால், இன்னும் சிரித்துக்கொண்டே, சேலைத் தலைப்பை மூக்கடிக்குக் கொண்டுபோவாள். மெற்றில்டா அங்கே ஒரு துண்டு மீன்கூடத் தொடவில்லை. இருந்தும் தன்னைத் தானே மணந்து பார்க்கப் பழகினாள். கையை, கழுத்தை, தலையணையை. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது தாயின் சமையலறை நாறியது. தாயே நாறினாள். அந்த மூக்கு தன்னுடையதல்ல, குணலட்சுமியுடையது என்று தெரிந்தும் அதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

அதனால்தான் ஒருநாள் காலை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் பெரிய எனாமல் பேசினை நிரப்பிக்கொண்டு வந்தாள். படகுகள் வெளியே போக முடியாத காலம் அது. போனால் நேவிக்காரர் சுட்டார்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் வலையைக் கட்டி விட்டு, விழுந்ததை எடுப்பதுதான் குறிச்சியின் தொழிலாக இருந்தது. விழுவதில் பாதி நண்டு. வலையில் சிக்கிய எல்லாவற்றிலும் ஒவ்வொன்று அவளுக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் பேசினைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். அன்றைய காலையைப்போல ஒரு காலை அந்த வகுப்பில் இருந்ததில்லை. ரெஜி கடலட்டையை அமுக்கினான். அது தன் குடலை வெளியே விட்டது.

"ரீச்சர், அட்டை சத்தி எடுக்குது."

"உன்ரை முகத்தைக் கண்டிருக்கும்," என்றாள் கொன்ஸி.

மெற்றில்டா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பயம் வந்தால் அட்டை இப்படித்தான் செய்யும், குடல் திரும்ப வளரும் என்று சொன்னாள். வளருமா என்று வாயைப் பிளந்தார்கள். கடற்குதிரையில் ஆண்தான் குஞ்சைச் சுமக்கும் என்றபோது ரெஜி நம்ப மறுத்தான். குணலட்சுமியின் மூக்கு எங்கேயோ போய்விட்டதுபோல அவளுக்கு இருந்தது. தண்ணீருக்குள் கைவிட்டு நண்டை முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். எட்டுக் காலும் காற்றில் நடந்தன.

"நண்டு என்ன ரீச்சர் தின்னும்?" கொன்ஸி கேட்டாள்.

"சிப்பி தின்னும். சின்ன மீன் தின்னும். சாதாழை தின்னும், கரையிலை ஒதுங்கிக் கிடக்குமே, அது."

"இல்லை," என்றான் ரெஜி. "செத்த ஆக்களைத் தின்னும். அப்பா சொன்னவர். அதாலைதான் முப்பத்தொராம் நாள் வரைக்கும் நாங்கள் நண்டு தின்னேல்லை."

குறிச்சி முழுவதற்கும் தெரிந்ததுதான். மூன்று மாதத்துக்கு முன் நாலு பேர் போன வள்ளத்தைக் கடலில் வைத்துச் சுட்டார்கள். இரண்டு பேரின் உடல் கிடைத்தது. செபமாலையும் இன்னொருவரும் கிடைக்கவில்லை. அப்படி நடந்தால் முப்பத்தொராம் நாள் பூசைவரை அந்தக் கடலின் மீன், நண்டு எதையும் யாரும் தின்பதில்லை. ஏன் என்று யாரும் சொல்வதுமில்லை. பூசை முடிந்த அடுத்த நாள் அடுப்பில் மீன்சட்டி ஏறும். சட்டி ஏறியதும் விஷயம் முடிந்தது. சந்தையில் யாராவது எந்தக் கடல் மீன் என்று கேட்டால், வல்வெட்டித்துறைப் பக்கம், வடக்குக் கடல் என்று பெண்கள் சொல்வார்கள். வல்வெட்டித்துறைப் பெண்கள் அதே காலத்தில் இந்தக் கடலின் பெயரைச் சொல்லி விற்றதாகவும் கதை இருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் அஞ்சலாவைப் பார்த்தார்கள். அஞ்சலாவுக்கு ஐந்து வயது, செபமாலையின் ஒரே பிள்ளை. அவள் கையில் நண்டைச் சீண்டுவதற்காக வைத்திருந்த தும்பு இருந்தது.

"உண்மையோ ரீச்சர்?"

மெற்றில்டாவுக்கு அப்போது பொய் ஒன்று கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. சாதாழை என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அழவில்லை, முறையிடவில்லை. அட்டையின் குடல் வளருமா என்று கேட்ட அதே முகத்தோடு கேட்டாள்.

"ஓம், மோள். கடலுக்கை எது செத்தாலும் நண்டு தின்னும். மீன் எண்டாலும் பறவை எண்டாலும். அதாலைதான் கடல் அழுகாமல் கிடக்கு."

"அப்பாவையும்?"

"எனக்குத் தெரியாது. நான் காணேல்லை."

அஞ்சலா கொஞ்ச நேரம் யோசித்தாள். தும்பைக் கீழே வைத்தாள். "அப்ப நான் இனி நண்டு தின்னமாட்டன்," என்றாள். நாளைக்கு விளையாட வரமாட்டேன் என்பதுபோலச் சாதாரணமாக.

"நானும்," என்றாள் கொன்ஸி.

ரெஜி சுற்றிப் பார்த்தான். தனித்துப் போக அவனுக்கு விருப்பமில்லை. "நானும்தான்."

பிறகு இரவில் நினைத்துப் பார்த்தபோது மெற்றில்டாவுக்கு ஒன்று பிடிபட்டது. அந்தப் பதிலைச் சொன்ன கணத்தில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. குறிச்சி முழுக்க மூடி வைத்ததை ஒருத்தியாவது திறந்தேன் என்ற சந்தோஷம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால், அதன் தகப்பனை வைத்துக்கொண்டு, தனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சவர்க்காரம் கிடைக்காத நாட்கள். தேசி எலுமிச்சை இலையைக் கசக்கிக் கசக்கிக் கையைத் தேய்த்தாள். சொன்னது பிழையென்று அப்போதும் அவளுக்குத் தோன்றவில்லை. சொன்ன வாய்தான் நாறியது.

பிள்ளைகள் சொன்னபடியே செய்தார்கள். அதுதான் யாரும் எதிர்பாராதது. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், நண்டை உடைத்துச் சதையை மட்டும் சோற்றுக்குள் மறைத்துப் பார்த்தார்கள். கொன்ஸி சோற்றைக் கிளறி ஒவ்வொரு தும்பாக வெளியே எடுத்து வைத்தாளாம். அரிசியும் கஷ்டம், மரக்கறியும் விலை, கிடைக்கிற ஒன்றையும் இதுகள் தின்னாவிட்டால் என்ன கொடுப்பது என்று தாய்மார் மண்டப வாசலில் நின்று கேட்டார்கள். ரீச்சரைத் திட்டவில்லை. ரீச்சருக்குக் கேட்கும்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அஞ்சலாவின் தாய் கத்தரீனா அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. அவள் வலைக்காரரிடம் நண்டு எடுத்து அச்சுவேலிச் சந்தையில் விற்றுத்தான் வீட்டைப் பார்த்தாள். ஒருநாள் பின்னேரம் வெறும் ஓலைக் கடகத்தோடு வரவேண்டியவள் நிறைந்த கடகத்தோடு வந்து, மண்டபப் படியில் அதை இறக்கி வைத்தாள். காலையில் பிடித்த நண்டு. வெயிலில் நாள் முழுக்க இருந்திருக்கிறது. நாற்றம் மெற்றில்டாவின் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது.

"நல்லம்மாக்கா எண்டு ஒரு மனுசி, என்ரை வாடிக்கை," என்றாள் கத்தரீனா. "எத்தினை வருசமா என்னட்டைத்தான் எடுக்கிறவ. இண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு கேக்கிறா. 'ஏன் கத்தரீனா, உன்ரை பிள்ளையே வாயிலை வைக்காததை எங்கடை தலையிலை கட்டப் பாக்கிறியோ?' எண்டு. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. ஆர் ரீச்சர் அங்கை போய்ச் சொன்னது?"

"எனக்குத் தெரியேல்லை, கத்தரீனா."

"உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் பிள்ளைக்குச் சொல்லிப் போட்டியளே."

அதில் கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது. கடகத்தின் மேல் மூடியிருந்த சாக்கு அசைந்தது. ஒன்றிரண்டு இன்னும் உயிரோடு இருந்தன போலும். செத்தவற்றை அவை தின்னத் தொடங்கியிருக்குமா என்று மெற்றில்டா நினைத்தாள். நினைத்த உடனேயே தன் தலையைச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது.

"முப்பத்தொண்டு முடிஞ்சு முதல் நாள் நான் சமைச்சனான்," என்றாள் கத்தரீனா. "அண்டைக்கு அவள் திண்டவள். ரெண்டு தரம் வாங்கித் திண்டவள். இப்ப என்னைப் பாக்கிறாள் ரீச்சர். நான் தின்னேக்கை என்ரை வாயைப் பாக்கிறாள்."

அதற்கு அடுத்த நாள்தான் வின்சன்ற் ஈர்க்கோடு வந்து கட்டை வாங்கில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சனம் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் மூன்று கல் வைத்து, சங்கத்தின் பெரிய கிடாரத்தை ஏற்றியிருந்தார்கள். பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்து, பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் அவிந்துகொண்டிருந்தன. ஒரு சாக்கு நண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பெண்கள் அதைக் கழுவி, முதுகுக் கோதைப் பெயர்த்து, இரண்டாகப் பிளந்து போட்டார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் வின்சன்ற் சொல்லி அழைத்திருந்தார். திங்கட்கிழமை சந்தையில் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும்: எங்கடை பிள்ளையள் நண்டுக் கூழ் குடிச்சதை நாங்கள் கண்ணாலை கண்டனாங்கள்.

வின்சன்றே அகப்பையைப் பிடித்திருந்தார். வாயில் வழமைபோல ஈர்க்கு.

"அண்ணை, உங்கடை ஈர்க்கு கூழுக்கை விழப்போகுது," என்றாள் ஒரு பெண்.

"விழுந்தால் உனக்கு ஒரு முள்ளுக் கூட எண்டு நினைச்சுக் குடி."

"உங்கடை வாய்க்கை கிடந்த முள்ளை நாய்கூடத் தின்னாது."

சிரிப்பு எழுந்தது. கூழ் கொதிக்கும் மணமும் புகையும் சேர்ந்து முற்றம் ஒரு பெருநாள்போல இருந்தது. மெற்றில்டா பிள்ளைகளை வரிசையாக நிலத்தில் இருத்தினாள். ஒவ்வொருவர் கையிலும் பனையோலையை மடித்துக் கட்டிய பிளா. அஞ்சலா கடைசியில், தாயின் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய சட்டையைப் புதிதாகக் கஞ்சி போட்டு மினுக்கியிருந்தார்கள். படமெடுக்கப்போகிற பிள்ளையைப்போல நேராக நிமிர்ந்து இருந்தாள்.

பரிமாறத் தொடங்கும் நேரத்தில் மெற்றில்டா கைகழுவக் கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக்குப் பின்னால் வாழை நின்றது. அதன் அடியில் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. வின்சன்ற். சனத்துக்கு முன்னால் முதலாவதாக வார்த்து, ஆவி பறக்க வாயருகில் கொண்டுபோன பிளாவை வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். நிமிர்ந்தபோது அவளைக் கண்டார்.



"கிடைச்ச ரெண்டு பேரையும் கரைக்கு இழுத்தது நான்தான் பிள்ளை," என்றார். "இந்தக் கையாலை. உடுப்புக்குள்ளை இருந்து... சரி விடும். அண்டையிலை இருந்து எனக்கு மணமே ஏலாது." அவர் ஈர்க்கை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். வழமைபோல நுனியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பில் பல்லுக் குத்திய அன்றைக்கும் அதில் ஒன்றும் இருந்திருக்காது என்று அப்போதுதான் மெற்றில்டாவுக்கு விளங்கியது.

"ஆனால் சனம் சாப்பிடவேணும்," என்றார் அவர். "நீர் வாரும். ஆறிப்போகும்."

அவர்மேல் இரக்கப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரக்கம் வந்தது, ஆனால் அது அருவருப்பைத் தள்ளிக்கொண்டு வரவில்லை, அதோடு கலந்து வந்தது. தன்னால் விழுங்க முடியாததை ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் இறக்க இந்த மனிதர் கிடாரம் ஏற்றியிருக்கிறார். இன்னும் எத்தனை பேர் வாழையடியைத் தேடுவார்கள்? திரும்பி வந்து பார்த்தாள். பெரியவர்கள் குடித்தார்கள். பலர் உண்மையிலேயே பசியோடு, ருசித்துக் குடித்தார்கள். சிலர் பலாக்கொட்டையைப் பொறுக்கினார்கள். ஒரு கிழவர் நண்டுக்காலைப் பிளாவிலிருந்து எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார். யாரும் யாரையும் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள்.

"இந்தா, ரீச்சர் குடிக்கப் போறா," என்று வின்சன்ற் சத்தமாகச் சொன்னார். "பாருங்கோ பிள்ளையள்."

பிளா அவள் கைக்கு வந்தது. தடித்த, மண்ணிறக் கூழ். மேலே ஒரு கொடுக்கு சிவந்து கிடந்தது. நினைவில் குணலட்சுமி சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். மெற்றில்டா கண்ணை மூடவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடி குடித்தாள். உறைப்பு, புளி, ஒடியலின் கசப்பு, அதற்குக் கீழே நண்டு. கொடுக்கை உடைத்துச் சதையை உறிஞ்சினாள். செத்ததைத் தின்று நண்டு கடலைத் துப்புரவாக்குகிறது, நண்டை நாங்கள் தின்கிறோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவள் வகுப்பில் சொன்னது. அதைச் சொன்னவள் குடிக்கத்தான் வேண்டும். வெறும் பிளாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்தியளே," என்றார் வின்சன்ற். சந்தைப் பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

ரெஜி தன் பிளாவை மணந்து பார்த்தான். கொன்ஸி அவனைப் பார்த்தாள். பிறகு எல்லோரும், வின்சன்ற் சொன்னதுபோலவே, அஞ்சலாவின் வாயைப் பார்த்தார்கள்.

கத்தரீனா எழும்பி வந்து மகளின் பிளாவை மெற்றில்டாவிடம் நீட்டினாள். அதற்குள் கொடுக்கு இல்லை, காலும் இல்லை. சதையை உதிர்த்துக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருந்தாள்.

"நீங்கள் பருக்குங்கோ ரீச்சர். உங்கடை கையாலை எண்டால் குடிக்கிறனெண்டு வீட்டை வைச்சுச் சொன்னவள்."

மெற்றில்டா அஞ்சலாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கூழின் ஆவி இருவருக்கும் நடுவில் நின்றது. அஞ்சலா பிளாவைப் பார்க்கவில்லை. ரீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள். கிட்டக் குனிந்து, இரகசியம்போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இதுக்கை அப்பா இல்லைத்தானே ரீச்சர்? இல்லையெண்டு நீங்கள் சொன்னால் குடிப்பன்."

முற்றத்தில் யாரோ அகப்பையைக் கிடாரத்தின் விளிம்பில் வைத்த சத்தம் கேட்டது.

இல்லை என்பது ஒரு சொல். அது உண்மையாகவும் இருக்கலாம். மூன்று மாதமாகிவிட்டது, கடல் பெரியது, இந்த நண்டு அந்த நண்டாக இருக்கவேண்டும் என்றில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் இந்தப் பிள்ளை குடிக்கும், நாளைக்குக் கத்தரீனாவின் கடகம் வெறுமையாக வீட்டுக்கு வரும், சங்கம் சம்பளம் தரும். நல்லம்மா கேட்டால் வடக்குக் கடல் என்று சொல்வதுபோல ஒன்றுதான் இதுவும். பிறகு ஒருநாள் அஞ்சலாவுக்குப் பத்து வயதாகும், பன்னிரண்டாகும். அன்றைக்கு அவள் இந்தப் பிளாவை நினைப்பாள். தன் வாய்க்குள் இதை ஊற்றிய கையை நினைப்பாள். தன்னைத்தானே மணந்து பார்க்கத் தொடங்குவாள். அந்த மூக்கு ஒருதரம் வந்தால் போகாது என்பது மெற்றில்டாவைவிட யாருக்குத் தெரியும்?

அஞ்சலா காத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல், நம்பிக்கையோடு. வாயைக்கூட இலேசாகத் திறந்து வைத்திருந்தாள்.

"சொல்லுங்கோ ரீச்சர்," என்றாள் கத்தரீனா மெதுவாக. "ஒரு சொல்லுத்தானே."

"சொல்லும் பிள்ளை," என்றார் பின்னாலிருந்து வின்சன்ற்.

மெற்றில்டா பிளாவை, கூழ் சிந்தாமல், இருவருக்கும் நடுவில் மண்ணில் வைத்தாள். அது சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு கல்லைத் தள்ளிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாது, மோள்," என்றாள். பிறகு கத்தரீனாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பருக்கமாட்டன்."